நின்றால் 130, படுத்தால் 92

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிய 20 நிமிடம் ஆகும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி, கடைசியில் தலைமையாசிரியர் பேச்சு. 17 வருடமாக ஒரே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறேன். 2022 ஜூனில் பள்ளி திறந்த வாரம், குறள் சொன்ன பிள்ளை பொருள் சொல்ல வருவதற்குள் என் நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நாலு மாடி ஏறி வந்தவள் போல மூச்சு வாங்கியது. மரத்தில் சாய்ந்துகொண்டேன். வகுப்புக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. மறுநாளும் அதே கதை. நின்றால் படபடப்பு, உட்கார்ந்தால் சரி. நோயின் முழு விலாசமும் அதில்தான் எழுதியிருந்தது. படிக்கத்தான் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது 41 வயது. தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அந்த வருடம் பிப்ரவரியிலிருந்தே உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எந்நேரமும் அசதி, முடி கொட்டல், காலையில் குமட்டல். 64 கிலோ இருந்தவள் 58-க்கு வந்திருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன டீச்சர், டயட்டா? நல்லா இருக்கு" என்றார்கள். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. தூத்துக்குடி வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிறவள் கறுக்காமல் என்ன செய்வாள் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு நின்றபோது என் அத்தை, அதாவது மாமியார், முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, வெத்தலை போட ஆரம்பிச்சிட்டியா? ஈறெல்லாம் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். வெயில் வாய்க்குள் அடிக்காது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இன்னொன்றும் இருந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சம். உப்பு. என் தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர், எங்கள் வீட்டில் இன்றைக்கும் கல் உப்புதான். ஆனால் அந்த வருடம் நான் உப்பு தின்றது ருசிக்காக இல்லை. சமைக்கும்போது ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். நார்த்தங்காய் ஊறுகாயைச் சோறில்லாமல் சாப்பிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கருவாட்டுத் துண்டைச் சுட்டுத் தின்றதும் உண்டு. கர்ப்பமோ என்று என் தங்கை கேலி செய்தாள்.

ஜூன் கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். தைராய்டைத் தூண்டிவிடும் ஹார்மோனான டி.எஸ்.எச். 14, இருக்க வேண்டியதைவிட அதிகம். தைராய்டு குறைவு என்றார் மருத்துவர். அசதி, முடி கொட்டல், மாதவிடாய்க் கோளாறு எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டது, வீட்டில் நிம்மதி. குறைகிற தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரை 50 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். அந்த மருத்துவரை இங்கே குறை சொல்ல வரவில்லை. உடல் இளைத்ததை நான் ஒரு நோயாகச் சொல்லவேயில்லை. உப்பு விஷயத்தை வெட்கப்பட்டு மறைத்தேன். தைராய்டு குறைந்தால் பொதுவாக எடை கூடும், நாடி மெதுவாகும். எனக்கு எடை குறைந்தது, நாடி ஓடியது. இந்த முரணை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டியவள் நான்தான்.

மாத்திரை போட்டு முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. கரும்பலகையில் ஒரு வரைபடம் போட்டு முடிப்பதற்குள் கிறுகிறுவென்று வந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டதோ என்று போய்க் கேட்டோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள்: வேகம்தான், தாளம் சரியாக இருக்கிறது என்றார்கள். எக்கோவும் நார்மல். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் பேச்சு மனசுக்குப் போய்விட்டது. டென்ஷனா? வீட்டில் பிரச்சினையா? படபடப்பு குறைய ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை வந்தது. அந்த மேசையில் என் பிபி 94/60. நான் உட்கார்ந்திருந்தேன். நிற்க வைத்து யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ப்ரொப்ரனலால் போட்டதும் படபடப்பு உண்மையிலேயே குறைந்தது. பதிலுக்கு, எழுந்தாலே கண் இருட்டியது. இப்போது யோசித்தால் உடம்பின்மேல் பரிதாபமாக இருக்கிறது. ரத்த அழுத்தம் விழாமல் பிடித்து நிறுத்த இதயம் ஓடி ஓடி உழைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் காலைக் கட்டினோம்.

ஆகஸ்ட் 5, பனிமய மாதா கோயில் திருவிழா, ஊருக்கே உள்ளூர் விடுமுறை. முதல் நாள் ராத்திரி சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. விடியற்காலையில் வாந்தி ஆரம்பித்து நிற்கவேயில்லை. வயிற்று வலி வேறு. அசதிக்கு நல்லது என்று என் கணவர் இரண்டு இளநீர் வாங்கி வந்து குடிக்கவைத்தார். பாசத்தில் செய்தது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். என் உடம்பில் ஏற்கெனவே பொட்டாசியம் ஏறி, சோடியம் வற்றிக் கிடந்தது. பத்து மணி வாக்கில் குளியலறை வாசலில் விழுந்தேன். திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அவசரப் பிரிவில் பிபி 70/40. சோடியம் 119, பொட்டாசியம் 6.1, சர்க்கரை 56. பணியில் இருந்தவர் என் பழைய மாணவிகள் வயதில் ஒரு டாக்டர். "டீச்சர், கையை விரிங்க" என்றார். உள்ளங்கை ரேகைகளில் பேனா மையைத் தடவியதுபோல் கறுப்பு ஓடியிருந்தது. உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். என் கணவரிடம், "உப்பு நிறைய கேட்பாங்களா?" என்றார். அவர் முகம் போன போக்கை நான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அட்ரினல் சுரப்பிகள் தரும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சோதிக்க ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை காத்திராமல் கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டு, சலைன் ஏற்றினார்கள். அந்தி சாயும்போது கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன். நாடி 88. முடிவு மறுநாள் வந்தது: கார்டிசால் 1.1. அவ்வளவு நெருக்கடியில் இருக்கிற உடம்பு அதைப்போலப் பல மடங்கு சுரந்திருக்க வேண்டும்.

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் என் உடம்பில் ஏறக்குறைய செயலிழந்திருந்தன. இதற்கு அடிசன் நோய் என்று பெயர். 1855-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்தது. கார்டிசால் இல்லாவிட்டால் ரத்தக் குழாய்கள் தளர்ந்துபோகும். அதே சுரப்பிகள் தரும் இன்னொரு ஹார்மோனான ஆல்டோஸ்டெரோன் இல்லாவிட்டால் உப்பு சிறுநீரில் போய்விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். குழாயில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் வேகமாக ஓடும், அதுதான் படபடப்பு. கார்டிசால் போதவில்லை என்று மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை அள்ளி அள்ளி அனுப்பும், அது தோலின் நிறமி அணுக்களையும் தூண்டிவிடும், அதுதான் கறுப்பு. உப்பு ஆசைக்கு விளக்கமே வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கருவாடு சுட்ட நான், வீட்டில் யாரையும்விடச் சரியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தைராய்டு? அதுவும் உண்மைதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்குகிற வகை. தைராய்டும் அட்ரினலும் சேர்ந்து கெடுவதை 1926-லேயே ஷ்மிட் என்பவர் எழுதியிருக்கிறார், அவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். இங்கேதான் வரிசை என்ற ஒன்று வருகிறது. தைராக்சின் உடம்பின் எல்லா வேலையையும் வேகப்படுத்தும். இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். அட்ரினல் கெட்டிருக்கும்போது தைராக்சினை முதலில் கொடுத்தால் அது நெருக்கடிக்குத் தள்ளிவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். முதலில் ஸ்டீராய்டு, அப்புறம் தைராய்டு. கார்டிசால் குறைவாக இருப்பதே டி.எஸ்.எச். அளவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிலருக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் அது தானாக இறங்கிவிடுமாம். எனக்கு முழுக்க இறங்கவில்லை, 25 மைக்ரோகிராமில் மறுபடி தொடங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டுத் தைராய்டு மாத்திரை போடுகிற எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. அடிசன் அபூர்வமான நோய், தைராய்டு குறைவு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது. ஆனால் தைராய்டு குறைவு என்று சொல்லப்பட்டவருக்கு எடை இறங்குகிறது, பிபி தாழ்ந்தே இருக்கிறது, தோல் கறுக்கிறது, உப்புக்கு நாக்கு ஏங்குகிறது, மாத்திரை ஆரம்பித்தபின் இன்னும் மோசமாகிறது என்றால், "காலை எட்டு மணிக்கு ஒரு கார்டிசால் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. எட்டு மணி முக்கியம், கார்டிசால் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், சாயங்கால அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். மூட்டுவலிக்கு என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வாங்கித் தின்ற பொடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவுக்கும் இதே நோய், காரணம் வேறு: காசநோய் அட்ரினலுக்குப் போயிருந்தது. நம் நாட்டில் அடிசன் என்றால் டி.பி.யைத் தேடிப் பார்க்காமல் விடமாட்டார்கள். எனக்கும் அதற்காகத்தான் வயிற்றில் சி.டி. எடுத்தார்கள், சுரப்பிகள் சுருங்கியிருந்தன. அந்த அக்காவுக்கு ஸ்டீராய்டு அளவு என்னைவிட அதிகம். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டைச் சீக்கிரம் கரைத்துவிடுகிறதாம்.

இப்போது நாடி பார்க்கிற விஷயம். எனக்கு யாராவது முன்பே சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவது இதற்குத்தான். காலையில் எழுந்ததும் காபிக்கு முன், ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்துக்கொண்டு நாடியும் பிபியும் எடுக்க வேண்டும். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும், பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. நின்றதும் மேல் பிபி 20-க்கு மேல் இறங்கினாலோ, நாடி 30-க்கு மேல் எகிறினாலோ குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பி மருந்தளவு சரிப்படும்வரை என் நோட்டில் படுத்தால் 92, நின்றால் 130 என்றே ஓடியது. உப்பை உடம்பில் பிடித்துவைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மாத்திரையைச் சேர்த்தபின் 74, 88 என்று வந்தது. டாக்டர்கள் என் வர்ணனையைக் கேட்டதைவிட அந்த நோட்டை அதிக மரியாதையாகப் பார்த்தார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவருக்குத் தைராய்டு அதிகம். அவருக்கும் படபடப்புதான். ஆனால் அவர் படுத்திருந்தாலும் தூங்கினாலும் நாடி 100-க்கு மேல். கை நடுக்கம், வியர்வை, நல்ல பசி. தைராய்டு சுரப்பதைக் குறைக்கும் கார்பிமசோல் அவரைச் சரிசெய்தது, எனக்கு எமனாக இருந்த ப்ரொப்ரனலால் அவருக்கு நல்ல துணை. இன்னொரு வகையும் உண்டு: அட்ரினல் சுரப்பிக்குள் கட்டி வந்து அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுவது. அதில் படபடப்பு அலை அலையாக வரும், தலைவலி, வியர்வை, பிபி ஏற்றம் கூடவே வரும். ஒரே படபடப்புக்கு மூன்று நேரெதிர் வைத்தியம். அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போடுகிற நம் வழக்கத்தை நினைத்தால் பகீர் என்கிறது.

என் தினசரி இப்படிப் போகிறது. ஐந்தரைக்கு எழுந்ததும் தைராக்சின், ஹைட்ரோகார்டிசோன் 10, ஃப்ளூட்ரோகார்டிசோன் ஒன்று, வெறும் தண்ணீரில். காபி ஆறரைக்கு. மதியச் சாப்பாட்டோடு 5, நாலு மணிக்கு 5. இருட்டியபின் எடுத்தால் தூக்கம் போய்விடும். கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் தைராக்சினுக்கு நாலு மணி நேரம் தள்ளி. ஃப்ளூட்ரோகார்டிசோன் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, ஒரு மாத இருப்பு கையில் இல்லாமல் நான் ஊருக்குக் கிளம்புவதில்லை. இந்த அளவுகள் எனக்கானவை, உங்களுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

காய்ச்சல் என்றால் தனிச் சட்டம். நல்ல உடம்பு நோய் வந்தால் கார்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும், எங்கள் உடம்பு கூட்டாது, நாங்கள்தான் கூட்ட வேண்டும். எனக்கு எழுதித் தந்திருப்பது: 100.4-ஐத் தாண்டினால் இரண்டு மடங்கு, 102-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்டதும் ஓரிரு நாளில் பழைய அளவு. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி வந்தால் ஒருமுறை மறுபடி. அதுவும் நிற்கவில்லை என்றால் தொடையில் ஹைட்ரோகார்டிசோன் 100 ஊசி, உடனே ஆஸ்பத்திரி. பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் கணவர் ஊசி போடச் சாத்துக்குடியில் குத்திப் பழகினார், பத்துப் பழம் வீண். பள்ளியில் என் மேசை இழுவறையில் ஒரு ஊசி டப்பா இருக்கிறது, உடற்கல்வி ஆசிரியருக்கு அதைப் பற்றித் தெரியும். கைப்பையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டை: ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது, மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்டிசோன் கொடுக்கவும் என்று.

திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவள் நான். இப்போதும் போகிறேன், மாத்திரையும் உப்புப் போட்ட மோரும் விரதத்தில் சேராது என்று முருகனிடம் பேசி முடித்தாகிவிட்டது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் உறவினர்கள் மிரண்டார்கள். உடம்பு ஊதும், எலும்பு உருகும், நிறுத்திவிடு. உடம்பு தானே சுரக்க வேண்டியதை அதே அளவில் திருப்பித் தருவது வேறு, மருந்தாக அள்ளிக் கொடுப்பது வேறு என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக் களைத்துவிட்டேன். ஒரு சித்தப்பா வாட்ஸ்அப்பில் "அட்ரினல் சோர்வுக்கு" ஒரு பவுடர் அனுப்பினார். ஓயாத உழைப்பால் அட்ரினல் களைத்துப் போகிறது என்ற அந்த நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. 2018-ல் அமெரிக்காவில் இப்படி விற்கிற 12 தயாரிப்புகளைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, பாதிக்கு மேல் ஸ்டீராய்டும் இருந்தது. படபடப்புக்குத் தீர்வு தேடிப் போய்ப் படபடப்பையே விலைக்கு வாங்குகிற வியாபாரம். சித்தப்பாவிடம் இதைக் கொஞ்சம் மரியாதையாகத்தான் சொன்னேன்.

கியூபா ஏவுகணை நெருக்கடியை நடத்தும்போது பிள்ளைகளிடம் ஒரு கூடுதல் செய்தி சொல்வேன். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடிக்கு அடிசன் நோய் இருந்தது, தைராய்டு குறைவும் இருந்தது. 1960 தேர்தலில் அவர் தரப்பு அதை மறைத்தே பேசியது. 1962 அக்டோபரின் அந்த 13 நாளும் ஸ்டீராய்டை நம்பி நின்ற உடம்பு அது. போன வருடம் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அவரும் உப்பு தின்பாரா?" என்று கேட்டான். என் கதை வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது வீட்டில் ஒரு சின்னத் தகராறுதான் பாக்கி. கணவருக்குப் பிபி வந்துவிட்டது, உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வெயில் காலத்தில் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். குழம்பை அவர் கணக்கில் வைக்கிறேன். என் தட்டின் ஓரத்தில் மட்டும் அத்தை ஒரு சிட்டிகை உப்பு வைத்துவிட்டுப் போகிறார், கேட்காமலே.